நொபுயே தனியாகத்தான் போனாள்

ஆம்பளையைப் பார்க்கப் போகிறவள் பத்து எலுமிச்சை கேக் வாங்கிக்கொண்டு வருவாளா? இதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லட்டும், மற்றதைப் பிறகு பேசலாம்.

கள்ளத்தனமாகப் போனவள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். மறுநாள் விடிந்ததும் கடைப் பெயர் அச்சடித்த மஞ்சள் பெட்டியோடு பத்து வீட்டு வாசலிலும் நின்று, கடற்கரை ஊரான ஓனோமிச்சிக்குப் போயிருந்தேன் என்று தானே சொல்லி, ஆளுக்கு ஒரு கேக் கையில் வைத்துவிட்டுப் போக மாட்டாள். எதிர்வீட்டு ஹட்சுமியின் பார்லரில் தலைக்குச் சாயம் ஏறுகிற வரை வாய் சும்மா இருக்காது, அது தெரிந்ததுதான். அதற்காக மூளையையும் கழற்றி வைத்துவிட்டா உட்காருவது?

நொபுயே நம் ஃபுச்சு ஊருக்கு மருமகளாக வந்தபோது வயது இருபத்து மூன்று. புருஷன் ஷோஜி அலமாரி செய்யும் பட்டறையில் இழைப்பு வேலை. நல்ல மனுஷன், வாயில்தான் முத்து உதிராது. மாமியார் பதினொரு வருஷம் படுக்கையில் கிடந்தார். கடைசி நாலு வருஷம் மருமகளையே யாரென்று தெரியாமல், "நீ நல்ல பொண்ணா இருக்கியே, உங்க வீட்ல தேட மாட்டாங்களா?" என்று கேட்பார். தேட மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே நொபுயே கஞ்சி ஊட்டுவாள்.

தெருச் சங்கம் வருஷத்துக்கு ஒரு முறை பேருந்து பிடித்து வெளியூர் போகும். தலை எண்ணும் வேலை நொபுயேவுக்கு. அவள் குரல் தூரம் போகும், யார் கழிப்பறையில் இருக்கிறார் என்பதும் அவளுக்கு மறக்காது. கையில் ஒரு சின்னக் கொடியைக் கொடுத்துவிடுவார்கள். ஓனோமிச்சிக்கு மட்டும் ஏழு தடவை போயிருக்கிறாள். என்ன பார்த்தாள்? முப்பத்தெட்டுத் தலையைப் பார்த்தாள். கோயில், கழிப்பறை, மிட்டாய்க் கடை, மறுபடி பேருந்து.

மலைக் கோயிலின் படியில் நின்று எண்ணும்போது கீழே கடல் வாய்க்கால் மாதிரி ஒடுங்கிக் கிடக்கும். எதிரே தீவு, கப்பல் கட்டுகிற இடத்துப் பாரந்தூக்கிகள். நடுவே ஒரு சின்னப் படகு, தறியில் நாடா ஓடுவது போல இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். போக ஐந்து நிமிஷம், வர ஐந்து நிமிஷம். ஏழு தடவையும் அந்தப் படகைப் பார்த்து எண்ணிக்கை தவறிப்போய் முதலிலிருந்து ஒன்று இரண்டு என்று ஆரம்பித்தாள். ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள், எல்லாரும் ஒரு நடை அதில் போய் வரலாமா என்று. அங்கே என்ன இருக்கிறது, போனால் திரும்பித்தானே வர வேண்டும் என்று ஹட்சுமி சொல்ல, பேருந்தே சிரித்தது. நொபுயேவும் சேர்ந்து சிரித்தாள். கொடி கையில் இருக்கிறதே, சிரிக்காமல் என்ன செய்வாள்?

போன அக்டோபரில் பட்டறைப் பழைய ஆட்கள் ஹிரோஷிமாவில் கூடினார்கள். ஷோஜி காலையிலேயே கிளம்பினார். வழக்கம் போல நொபுயே வாசல் குறட்டில் குனிந்து அவருடைய செருப்பை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாள். வந்து அவிழ்க்கிறவர் உள்ளே பார்த்தபடி அவிழ்த்துப் போடுவார், போகும்போது நேரே கால் நுழைகிற மாதிரி அவள் திருப்பி வைப்பாள். முப்பத்தெட்டு வருஷம். அவர் ஒரு நாளும் அந்தக் குறட்டில் யாருக்காகவும் குனிந்ததில்லை, குறையாகச் சொல்லவில்லை, அந்த வயது ஆண்கள் யாரும் குனிந்ததில்லை.

அவர் போனதும் துணி காயப்போட வெளியே வந்தாள். வானம் கழுவி வைத்த பீங்கான் போல இருந்தது. வாளியை அப்படியே வைத்துவிட்டுப் பையை எடுத்தாள்.

ஃபுகுயாமாவில் ரயில் மாறி ஓனோமிச்சியில் இறங்கி, பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. ஒன்று என்று எண்ணிக்கொண்டு நடந்தாள். முதலில் ராமென் நூடுல்ஸ் கடை. தனியாகப் போகிற பெண்பிள்ளை, கடைக்காரர் முன்னால் உள்ள நீளப் பலகையில் ஆண்களுக்கு நடுவே தோளை ஒடுக்கி உட்கார வேண்டியிருந்தது. கொழுப்பு மிதக்கிற சூடான சாற்றை யாருக்கும் நகர்த்திக் கொடுக்காமல், அடுத்தவர் முடித்தாரா என்று பார்க்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

பிறகு படகு. படகென்றா சொல்வது, தண்ணீரில் மிதக்கிற ஒரு துண்டுச் சாலை. சைக்கிள்களும் பள்ளிக்கூடப் பெண்களும் ஒரு மீன் வண்டியும் ஏறின. அக்கரை வந்தது, இறங்கினாள், ஒரு பெட்டிக்கடையைப் பார்த்தாள், அடுத்த படகில் திரும்பினாள். இக்கரை வந்ததும் மறுபடி ஏறினாள். மூன்றாவது நடையில் சீட்டு வாங்குகிற கிழவர், வெளிறிப்போன தொப்பிக்காரர், பக்கத்தில் வந்தார்.

"அந்தக் கரையில ஏதும் மறந்து வச்சிட்டீங்களா அம்மா?"

"ஆமா," என்றாள் நொபுயே.

"கிடைச்சிதா?"

"இன்னும் ரெண்டு நடை தேடிப் பாக்குறேன்."

அவர் உள்ளே போய்த் தன்னுடைய மடக்கு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். உப்புக்காற்றில் தலைமுடி கலைய அதில் உட்கார்ந்து மேலும் இரண்டு நடை போய் வந்தாள். நடந்த பாவம் அவ்வளவுதான்.

சொல்லாமல் போனவள் சொல்லாமலே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் ஊருக்குப் போய்விட்டு வெறுங்கையோடு நம் தெருவுக்குள் யார் நுழைந்திருக்கிறார்கள்? ரயிலடிக் கடையில் அவள் கை தானாகப் போய்ப் பத்துக் கேக் உள்ள பெட்டியை எடுத்தது. பத்து வீடு, பத்துக் கேக். ரயில் பாதி வழி வந்த பிறகுதான் புத்தி வந்தது, அதற்கப்புறம் வாங்கியதை ஒளித்தா வைக்க முடியும்?

ஹட்சுமி வாங்கிக்கொண்டாள். மறுநாளே பதிலுக்கு டர்னிப் ஊறுகாய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"யார் கூடக்கா போனீங்க?"

தனியாக என்கிற வார்த்தை தொண்டை வரை வந்தது. தனியாகப் போனேன் என்றால், கூட வர ஆளில்லையா, வீட்டில் சண்டையா, தலைக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று மூன்று கேள்வி வரும். அதனால், "தெரிஞ்சவங்களோட" என்று சொல்லிவிட்டாள்.

அந்தத் தெரிந்தவர் நாலு நாளில் பார்லரில் ஆண்பிள்ளையானார். அடுத்த வாரம் ஹட்சுமியின் மருமகன் முறைப் பையன், தீவில் கப்பல் வேலை செய்கிறவன், படகில் நொபுயேவைப் பார்த்ததாகச் சொன்னான். பக்கத்தில் ஒரு தொப்பிக்காரர் முக்காலி போட்டு உபசரித்தாராம். போதுமே. பேச்சுக்குக் கால்தான் முளைக்கும் என்பார்கள், இதற்குத் தொப்பியும் முளைத்தது.

நொபுயே கடைக்குப் போகிற நேரத்தை மாற்றிக்கொண்டாள். பேச்சு அவளைச் சுட்டதைவிட வேறொன்று அதிகம் சுட்டது. குளிர் குறைந்ததும் இன்னொரு நாள் போக நினைத்திருந்தாள். இனி எப்படிப் போவது? போனால் பேச்சு உறுதியாகும். போகாவிட்டால், ஐந்து நிமிஷப் படகு ஆயுசுக்கும் எட்டாமல் போகும்.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம். ஷோஜி மிசோ சூப் கிண்ணத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு கூட போன?"

"யாரும் இல்ல. தனியா."

"அப்ப எதுக்கு அப்படிச் சொன்ன?"

"தனியான்னா நமக்குள்ள சரியில்லன்னு பேசுவாங்க."

"இப்ப மட்டும் என்ன, வாழ்த்துப்பாவா பாடுறாங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கிண்ணத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டே, அடுத்த தடவை தானும் வருவதாகச் சொன்னார். இரண்டு பேராகப் போனால் ஒரு வாய் திறக்காது என்றார். இளகிய மனசோடு சொன்னதுதான். வேறு எந்த விஷயமென்றாலும் நொபுயே தலையாட்டியிருப்பாள். எல்லாம் நேராகிவிடும், ஊர் வாய் அடைபடும். ஆனால் படகில் ஏறினால் அவருக்குக் குளிருமா, முட்டி வலிக்குமா, பசிக்குமா என்று எண்ண ஆரம்பித்துவிடுவாள். அது அவளுக்குத் தெரியும்.

"வேண்டாங்க. கோவிச்சுக்காதீங்க. தனியாத்தான் போகணும்."

ஷோஜி கிண்ணத்தை எடுத்துக் குடித்து முடித்தார். கோபமா, வருத்தமா, இரண்டு நாளாக அவளுக்குப் பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் காலை மழை விட்டிருந்தது. நொபுயே பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஷோஜி உள்ளே செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். குறட்டில் அவளுடைய பழுப்பு நிறச் செருப்பு இருந்தது. நேற்று அவள் உள்ளே பார்த்தபடி அவிழ்த்துப் போட்டது. இப்போது இரண்டும் ஒட்டி நின்று, கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தன. இடது செருப்பு கொஞ்சம் கோணலாக இருந்தது, பழக்கமில்லாத கை.

சிறிது நேரம் நின்று அதைப் பார்த்தாள். பிறகு குனியாமலே கால் நுழைத்தாள்.

"போயிட்டு வரேன்."

"ம். போயிட்டு வா," என்றது செய்தித்தாள்.

எதிரே ஹட்சுமி பார்லர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். துடைப்பம் நின்றது.

"எங்கக்கா, காலையிலயே?"

"ஓனோமிச்சிக்கு."

"யார் கூட?"

"தனியா," என்றாள் நொபுயே, பேருந்தில் தலை எண்ணுகிற குரலில். பத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். "இந்தத் தடவ கேக் கிடையாது, ஹட்சுமி. எதிர்பாக்காத."

ரயிலடிப் பக்கம் நடந்தாள்.