அண்ணி வாங்கிய தையல் மெஷின்

அண்ணி தையல் மெஷின் பார்க்கப் போகும்போதெல்லாம் கையோடு ஒரு துணிக்கட்டு கொண்டுபோவாள். பழம்புடவைத் துண்டுகளை ஐந்து அடுக்காக வைத்து, ஓரம் மடித்து, நூலோட்டிய சதுரம் அது. மெஷின் வைத்திருப்பவர்கள் மூடியைத் திறந்து, மெல்லிய மல் துணி ஒன்றை ஊசிக்கு அடியில் விட்டுத் தைத்துக் காட்டுவார்கள். மல் துணியை எந்த மெஷினும் அழகாகத்தான் தைக்கும். அண்ணி அதைப் பார்த்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, தன் கட்டை அவிழ்த்து, "இத்த தைக்குமா பாருங்க" என்று நீட்டுவாள். அதோடு பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும்.

சண்டைக் காலம் அது. என் அண்ணன் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து, கடல் தாண்டி, சைகோனுக்கும் வடக்கே, அனோய் என்று நாங்கள் சொல்லும் ஹனோயில் இருந்தார். கல்யாணமான பதினோராம் மாதம் கப்பல் ஏறியவர், அதன்பின் ஒரே ஒரு முறை விடுப்பில் வந்து போனார். மணியார்டர் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் அந்தப் பக்கம் வந்த பிறகு அதுவும் நின்றது, கடிதமும் நின்றது. நான் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி இரண்டு வருஷமாகியிருந்தது. அண்ணிக்கும் எனக்கும் ஒரே வயது. அவளுக்கும் குழந்தை இல்லை, எனக்கும் இல்லை. அப்பா அம்மா இல்லாத அந்தப் பாகூர் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். குத்தகைக்கு விட்ட நிலத்திலிருந்து வந்த நெல், வருஷத்தில் பாதிக்குத்தான் காணும்.

கடைகளில் கம்பளி இல்லை, துப்பட்டி இல்லை. பனி இறங்கும் மாதங்களில் ஜனங்கள் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். அப்போதுதான் அண்ணி பழம்புடவைகளை அடுக்கிவைத்துத் தைக்க ஆரம்பித்தாள். முதலில் எங்களுக்கு ஒன்று. பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்கள். பிறகு வில்லியனூர்ச் சந்தையில் துணி விற்கும் ஒருவர், எத்தனை தைத்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் கையால் ஒரு போர்வை தைக்க எட்டு நாள் பிடித்தது. ஐந்து அடுக்கில் ஊசியைத் தள்ளித் தள்ளி அண்ணியின் நடுவிரல் நுனி பிளந்து, உப்புக்கல் எடுக்கக்கூட முடியாமல் போனது. நான் தைத்தால் கோடு கோணலாக ஓடும்; சந்தைக்காரர் அதைத் தள்ளிவைத்துவிடுவார். ஒரு நாள் காலையில் விரலைத் துணியால் சுற்றிக்கொண்டே அண்ணி சொன்னாள்: "மெஷின் ஒண்ணு பாக்கணும்டி. இந்த ரெண்டு வளையலுக்குள்ள அடங்கறாப்பல." வளையல்கள் அண்ணன் விடுப்பில் வந்தபோது போட்டவை. வேறு நகை என்று அவளிடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

புது மெஷின் என்ற பேச்சுக்கே இடமில்லை. சண்டையால் கடைகளுக்குச் சரக்கே வருவதில்லை என்றார்கள். யார் வீட்டில் பழசு இருக்கிறது என்று விசாரித்து விசாரித்துத்தான் போக வேண்டும். முதலில் வில்லியனூரில், கோயில் தெருவுக்குப் பின்னால் இருந்த தையற்காரர் ஒருவரிடம் போனோம். விடிவதற்கு முன்னே புறப்பட்டு, கொஞ்ச தூரம் வண்டி, மீதி நடை. வழியில் இங்கிலீஷ்காரன் ஊர் கொஞ்சம், பிரெஞ்சுக்காரன் ஊர் கொஞ்சம். இரண்டிலும் ஒரே புழுதிதான். தையற்காரர் வைத்திருந்தது கையால் சுற்றும் மெஷின். விலை எங்களுக்கு அடங்கும்போல் இருந்தது. அண்ணி கட்டை நீட்டியதும் அவர் தயங்கித் தயங்கி ஊசிக்கு அடியில் விட்டார். நான்காவது தையலில் ஊசி முறிந்து தெறித்தது. "இது ரவிக்கை தைக்கற மெஷின்மா. மெத்தை தைக்கறதுக்குப் பண்ணது இல்ல" என்றார் கோபமாக. வெளியே வந்த பின் அண்ணி சொன்னாள்: "ஊசி ஒடையலன்னாலும் வேணாம்டி. ஒரு கை சக்கரத்தச் சுத்தணும். மிச்சம் ஒரு கையால அவ்ளோ கனத்த எப்படிப் புடிச்சித் தள்றது?" அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

அடுத்தது மூலக்குளம். இப்போது அங்கே வீட்டுக்கு வீடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அன்று தோப்புகளுக்கு நடுவில் நாலைந்து வீடுகள்தான். சர்க்கார் கச்சேரியில் எழுத்தராக இருந்து இறந்துபோன ஒருவரின் மனைவி, பிரான்சிலிருந்து வந்த மெஷின் ஒன்றைப் பட்டுத்துணி போட்டு மூடிவைத்திருந்தார். கறுப்பு உடம்பில் பொன்னிறப் பூக்கொடி ஓடியது. மிதித்தால் சத்தமே இல்லை. எங்கள் கட்டைக்கூட முனகாமல் தைத்தது. எனக்குக் கால் கடுப்பில் கண்ணீர் வரும்போல் இருந்தது. அதையே வாங்கிவிட்டால் இந்த அலைச்சல் தீரும் என்று அண்ணியின் முந்தானையை இழுத்தேன். அண்ணி அந்தப் பூக்கொடியை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு ஊசிக்கும் மெஷினின் கழுத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் கையை விட்டு அளந்தாள். அரைச் சாண்கூட இல்லை.

"அழகா இருக்குதும்மா. ஆனா போர்வையச் சுருட்டினா இதுக்குள்ள நொழையாது. ஓரம் மட்டுந்தான் தைக்கலாம், நடுவுல தைக்க முடியாது" என்றாள். அந்த அம்மாளுக்கு வருத்தம். எனக்கு அதைவிட வருத்தம். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அண்ணியோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. அவள் மௌனம் கோபத்தால் அல்ல, பேசத் தெம்பில்லாததால் என்று பிறகுதான் புரிந்துகொண்டேன்.

இப்படியே மூன்று மாதம் போனது. கடைசியில், இத்தனை அலைந்த பிறகு, எங்கள் பக்கத்திலேயே கிருமாம்பாக்கத்தில் ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர் ஒருவர். ஊரில் அவரைச் சொல்தா முசே, அதாவது பிரெஞ்சில் சிப்பாய் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி தைத்த மெஷின் அது; அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நெல் குதிருக்குப் பக்கத்தில் சாக்கு போர்த்தி நின்றது. பெயிண்ட் உரிந்து, சக்கரத்தில் துரு ஏறி, பார்க்கவே பாவமாக இருந்தது. அவர் துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, தோல் பட்டையை இழுத்து மாட்டினார். அண்ணி முதலில் கழுத்து இடைவெளியை அளந்தாள். ஒரு முழுச் சாண். பிறகு உட்கார்ந்து, கட்டை ஊசிக்கு அடியில் வைத்து மிதித்தாள். பாறையில் வண்டி ஏறுவதுபோல் கடகடவென்று சத்தம். ஆனால் ஐந்து அடுக்கும் வழுக்காமல் உள்ளே போயின. துணியைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். நூல் எங்கும் தொளதொளக்கவில்லை. மறுபடி உட்கார்ந்து, அடுத்த வரிசையை ஓட்டத் தொடங்கினாள்.

சொல்தா முசே என் பக்கம் திரும்பி, "வூட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லியாம்மா? ரெண்டு பொம்பளைங்களா அலையறீங்க?" என்று கேட்டார். அண்ணன் அனோயில் இருப்பதாகச் சொன்னேன். பேரைக் கேட்டார். அதையும் நான்தான் சொன்னேன். அண்ணி தன் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம பாகூராரா! நானும் அவரும் ஒரே பாளையத்துலதான் இருந்தோம். நான் கப்பல் ஏறும்போது வழியனுப்ப வந்தாரே! சின்னப் பொண்ணத் தோள்ல தூக்கிக்கிட்டு, பையனக் கையில புடிச்சிக்கிட்டு. அந்த ஊரு அம்மாவும் கூட வந்திச்சி. நல்ல மாதிரி. எனக்குத் தீனியெல்லாம் கட்டிக் குடுத்துச்சி. நல்லாருக்காங்க, நீ கவலப்படாத."

அவர் அண்ணியை என் அக்காள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தம் நிற்கவில்லை. நான் அண்ணியின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலும் கீழும், மேலும் கீழும், ஒரே சீராக மிதித்தன. வரிசை துணியின் விளிம்புக்கு வந்ததும்தான் நின்றன. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்தா முசே மெதுவாக, "இவங்க உனக்கு இன்னா வேணும்மா?" என்றார்.

"நான் அவரு சம்சாரங்க" என்றாள் அண்ணி. பிறகு, "மெஷினு நல்லாத் தைக்குது. இன்னா வெல சொல்றீங்க?" என்றாள்.

அந்த மனிதர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முன்பு ஊரில் சொல்லியனுப்பியிருந்த விலையில் பாதியைச் சொன்னார். வேண்டாம், முழு விலையையும் தருகிறோம் என்று அண்ணி வீம்பாகச் சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவளோ, "சரிங்க. வண்டியும் நீங்களே வச்சி அனுப்புங்க" என்றாள். வண்டியில் வரும்போது அதைப் பற்றிக் கேட்டேன். "அவரு மனசு கஷ்டம் கொறைய அவரு கொறைச்சாரு. எனக்கு மூணு மாசமா நடந்து நடந்து காலு இல்லடி" என்றாள். அவள் அழுவாள் என்று நினைத்து, அணைத்துக்கொள்ளக் கையை நீட்டி வைத்திருந்தேன். அண்ணி மெஷினின் பலகையில் தலையைச் சாய்த்தாள். இரண்டாவது மேட்டில் வண்டி ஏறுவதற்குள் தூங்கிவிட்டாள்.

ஒரு வளையலே மெஷினுக்குப் போதுமாயிருந்தது. ஆனாலும் இரண்டையும் விற்றாள். மற்றதில் நூலும், ஆலையில் கழித்துப்போட்ட துண்டுத் துணி நாலு மூட்டையும் வந்தன. உறவுக்காரர்களிடம் அண்ணன் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நான் துடித்தேன். அண்ணி ஒப்பவில்லை. "சொல்லி இன்னா ஆவப்போவுது? நாலு நாளு வந்து ஒக்காந்து அழுவாங்க. அவங்களுக்கும் சேத்து நான்தான் சோறு ஆக்கணும்." அதன் பிறகு அந்தப் பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை. எட்டு நாள் வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. விரல் ஆறியது; அதற்குப் பதில் முழங்கால் வீங்கியது. நான் வெட்டுவேன், அடுக்குவேன், நூலோட்டுவேன், அவள் தைப்பாள். எத்தனையோ பேர் எங்கள் போர்வைக்குள் தூங்கினார்கள்.

என் தம்பி முறையுள்ளவர்களின் பிள்ளைகள் இன்று அண்ணியைப் பற்றிப் பேசும்போது தெய்வம் என்கிறார்கள், பொறுமைக்கு அவள்தான் என்கிறார்கள். கூட இருந்த எனக்கு அது சரியாகப் படவில்லை. அவள் பொறுத்துக்கொண்டவள் இல்லை. களைத்துப் போனவள். கோபப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அந்தத் தெம்பையெல்லாம் அவள் காலுக்கு அனுப்பிவிட்டாள். இந்த வயதில், உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை தேடும்போது, எனக்கு அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

சண்டை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு அண்ணன் வந்தார். தலை நரைத்து, கன்னம் ஒட்டி, பாதி உடம்பாக வந்தார். நாற்பது நாள் இருந்தார். மெஷினைப் பார்த்து, எங்கே வாங்கினாய் என்று கேட்டார். கிருமாம்பாக்கத்தில் என்றாள். யாரிடம் என்று அவர் கேட்கவில்லை. தினமும் சாப்பிட்டு முடித்ததும் ஏதோ சொல்ல வந்தவர்போல் அவள் தைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு வயலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்விடுவார். அண்ணி அவருக்கு வேளாவேளைக்குப் பரிமாறினாள், வேட்டி துவைத்தாள், அவர் பேசாததற்காக ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் கிளம்பும் நாள் காலையில், பெட்டியைக் கட்டிக்கொண்டே, "அங்க குளுரு காலத்துல தாங்க முடியல. ஒரு போர்வ எடுத்துக்கட்டுமா?" என்றார்.

அண்ணி அலமாரியைத் திறந்து பெரிய போர்வையாக இரண்டு எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். அதற்கு மேல் சின்னதாக இரண்டு வைத்தாள். அவற்றை அவள் எப்போது தைத்தாள் என்று எனக்கே தெரியாது.

அண்ணன் அந்தச் சின்னப் போர்வைகளைப் பார்த்தபடியே நின்றார்.

"ரெண்டு போதுமா?" என்றாள் அண்ணி. "அப்புறம் ஏதாவது பொறந்திச்சா?"

தரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னொண்ணு" என்றார் அண்ணன்.

"வண்டி வர இன்னும் நேரம் இருக்குது" என்று சொல்லிவிட்டு, அண்ணி துணி மூட்டையிலிருந்து மிருதுவான துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி அடுக்கினாள். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினாள். அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு, அது தைத்து முடியும்வரை நின்றுகொண்டிருந்தார்.