இடது கை தூக்கிய டீச்சர்

பயிற்சிக் கல்லூரிப் பரீட்சையில் 'லட்சியவாதக் கல்வியில் ஆசிரியரின் பங்கு' என்ற கேள்வி தவறாமல் வரும். மாணவன் உண்மையைப் புத்தகத்தில் அல்ல, ஆசிரியரின் நடத்தையில்தான் பார்க்கிறான் என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினேன். அதன் அர்த்தம் புரிந்தது திருவொற்றியூர் ஸ்கூலில், முதல் இன்ஸ்பெக்‌ஷன் அன்றுதான்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு ஐந்தாம் வகுப்பைக் கொடுத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிரந்தரம். அப்பாவுக்கு ஹார்பர் வேலை போயிருந்தது. வீட்டில் அடுப்பெரிந்ததே என் சம்பளத்தில்.

முந்தின நாள் ஹெட்மாஸ்டரே வகுப்புக்கு வந்து ஒத்திகை பார்த்தார்.

"கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. டீச்சரம்மா, நீங்க வலது கையாப் பாத்து எழுப்புங்க."

வேலையை நினைத்துத் தலையாட்டினேன்.

மறுநாள் எல்லாம் அமர்க்களமாகத்தான் போனது. நான் கேட்டதற்கெல்லாம் கைகள் எழுந்தன, சரியான பதிலும் வந்தது. திடீரென்று இன்ஸ்பெக்டரே கேட்டார்.

"இரும்பு ஆணி தண்ணியில முழுகிடுது. இரும்புக் கப்பல் மட்டும் எப்படி மிதக்குது?"

அத்தனை கையும் மேலே. அத்தனையும் இடது கை!

"பரவாயில்லையே! டீச்சர், யாரையாவது எழுப்புங்க."

யாரை எழுப்ப? சரித்திரம் படித்த எனக்கே விடை தெரியாது. பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் ஞாபகம் வந்தது. என் இடது கையைத் தூக்கினேன்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"ஏன் சிரிக்கிறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

முன் பெஞ்சு ஸ்டெல்லா துள்ளி எழுந்தாள். "டீச்சருக்கும் தெரியாதாம் சார்! தெரியாதவங்கதான் பீச்சாங்கை தூக்கணும். பெரிய சார் சொல்லிக் குட்தாரு!"

வாசலில் நின்ற ஹெட்மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆனாலும் மனசு லேசாகிவிட்டது.

"ஆமாம் சார், தெரியாது. இப்பவே எல்லாருமா சேர்ந்து கண்டுபிடிக்கலாமா?"

பக்கெட்டில் தண்ணீர் வந்தது. சாக்பீஸ் வைக்கும் தகர டப்பாவைக் காலி செய்து அதில் மிதக்க விட்டோம். மிதந்தது! அதையே கல்லால் நசுக்கித் தட்டையாக்கிப் போட்டோம். முழுகியது! வகுப்பு பெஞ்சு மேல் ஏறி நின்றது.

"அதே டப்பாதான் சார்!" என்று ஸ்டெல்லா கத்தினாள். "உள்ள காலியா இருந்திச்சில்ல, அதான் மெதந்திச்சி! கப்பலும் உள்ள காலியாத்தான கீது!"

பக்கெட் பக்கத்தில் குந்தியிருந்த இன்ஸ்பெக்டர் நனைந்த பேண்ட்டோடு எழுந்தார்.

"அடுத்த வருஷமும் வருவேன். இன்னும் கஷ்டமாக் கேப்பேன். பீச்சாங்கையைக் கீழ போட்டுடாதீங்க!"

வேலை நிரந்தரமானது. புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளைகள் பார்ப்பது நம் கையைத்தான். ரிட்டையராகும் வரை என் வகுப்பில் ஓர் இடது கையாவது எழுந்த பிறகுதான் பாடம் ஆரம்பித்தது.