சாலோ என்றொரு சொல்

மகள் வயிற்றுப் பேத்தி இங்கிலீஷ் வீட்டுப்பாடத்தோடு வந்து நின்றாள். “அப்புச்சி, பேல், வான், சாலோ மூணும் ஒண்ணுதானுங்களா?” இல்லை கண்ணு என்றேன். இந்த வித்தியாசத்தை ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்து அதன் பலனை அனுபவித்தவன் நான்.

அறுபதுகளில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். அடுத்த மேசை வேலுச்சாமி. மத்தியானம் சாப்பிட்டதும், பிளீச்சிங் பவுடர் நெடிக்கு நடுவே, ஒரு பழைய அகராதியைப் பிரித்துவைத்துச் சண்டை போடுவோம். “மூணுக்கும் வெளுத்த மூஞ்சின்னு சொன்னா ஆகாதுங்களா?” என்பார். எனக்கோ வாத்தியார் ஆசை. பேல் என்றால் ரத்தம் சுண்டிய வெளுப்பு, பத்து நாள் நன்றாகச் சாப்பிட்டால் சரியாகிவிடும். வான் என்றால் களைப்பும் கவலையும் சேர்ந்த வாட்டம். சாலோதான் பொல்லாதது. மஞ்சள் பாரித்த முகம். உள்ளே நோய் குடியிருக்கிறதோ என்று பார்ப்பவரை நினைக்கவைக்கும். “வான்னா ஆகாயம்னுல்ல நெனச்சனுங்க” என்று சிரிப்பார்.

பம்பாய்க் கிளைக்கு என்னை அனுப்புவதாக முதலாளி முடிவு செய்திருந்தார். அந்த நேரம் பார்த்து டைபாய்டு. அவிநாசியில் வீட்டோடு ஒரு மாதம் கிடந்தேன். ஞாயிறு தவறாமல் வேலுச்சாமி சாத்துக்குடியோடு வந்து, என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

திரும்பிப் போனால், பம்பாய்க்கு வேலுச்சாமி போகிறார் என்றார்கள். வேறொரு கடிதத்தைத் தேடியபோது கோப்பில் ஒரு கார்பன் நகல் கிடைத்தது. என் உடல்நிலை எப்படி என்று பம்பாயிலிருந்து கேட்டதற்கு அவர் அடித்த பதில். என் முகம் சாலோவாக இருக்கிறதாம்.

நகலை அவர் மேசையில் வைத்தேன். “ஏனுங்க, என்ற மூஞ்சி சாலோவுங்களா?”

நகலைக் கையில் எடுத்துப் பார்த்தார். “பேல்னு அடிச்சா, ஒரு மாசம் பொறுத்து உங்களையே கூப்புட்டுருவாங்க” என்றார். வெளுத்துப்போனது அப்போது அவர் முகம்தான். அதற்கு எந்தச் சொல் என்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

பத்து வருடம் கழித்து ஒருநாள் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். நான் இல்லையென்று மனைவியைச் சொல்லச் சொல்லிவிட்டு உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். “அவருக்கு ஒடம்பு நல்லா இருக்குதுங்களா?” என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கம்பெனியை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். வேலுச்சாமியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு வெளியே வந்து நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். இப்போது திட்டுவதற்கும் ஆள் இல்லை.