அரக்குச் சாயம் போன வெள்ளிக்கிழமை

எனக்கு வயசு எழுபத்திரண்டு. வளர்த்தது நாலு பேரை. பட்டு நூலுக்குச் சாயம் போட்டே வளர்த்தேன். நான் போட்ட அரக்கு எத்தனை அலசு அலசினாலும் போகாது — தற்பெருமை இல்லை, சேவூர் வரைக்கும் கேட்டுப் பாருங்கள்.

கடைக்குட்டி மேகலா வெளியூரில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். என்ன வேலை தெரியுமா? உப்பை உருக்குவது! சமையல் உப்பு இல்லை, அதற்குப் பங்காளி முறையாம். சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல், சூட்டிலேயே உப்பு தண்ணீர் மாதிரி ஆகிவிடுமாம். அதில் ஒரு உலோகத்தைக் கலந்து, கரண்ட் விட்டு, கூடவே வெளிச்சமும் பாய்ச்சிப் பார்க்கிறாள்.

"எதுக்குடி ரெண்டு? ஒண்ணு போதாதா?" என்றேன்.

"கரண்ட்டு, உள்ள ஏதோ நடக்குதுன்னு சொல்லும்மா. எது எதுவா மாறுச்சுன்னு கலரை வெச்சு வெளிச்சம்தான் காட்டிக் குடுக்கும்."

சரிதான்... ஆனால் இரண்டு தடவை ஈரக்காற்று புகுந்து உப்பு கலங்கிவிட்டது. கலங்கினால் வெளிச்சம் எப்படி ஊடுருவும்? வெளிச்சம் பாய்ச்சும் மெஷினுக்கோ பெரிய வரிசை. போன வெள்ளிக்கிழமைதான் அவளுக்குக் கடைசி முறை. அதுவும் கெட்டால் படிப்பு இன்னும் ஒரு வருஷம் இழுக்கும்.

மத்தியானம் போன் வந்தது.

"அம்மா! அரக்குக் கலர் போயிடுச்சும்மா!"

சாயக்காரிக்கு இதைவிடக் கெட்ட சேதி உண்டா?

"போனா போவுது, அழுவாதடி. மொதல்ல சாப்பிடு. ஒரு வருசம்தானே, நான் பாத்துக்கறேன்."

"ஐயோ, யாரு அழுவறாங்க? சிரிச்சிகினு இருக்கேம்மா! அது போவணும்! கரண்ட்டை ஒரு பக்கம் விட்டா அரக்கு வருது, திருப்பி விட்டா போயிடுது, மறுபடி மாத்தினா அதே அரக்கு! கரண்ட்டு சொன்னதையே வெளிச்சமும் சொல்லுது. உப்பு கலங்கவே இல்ல!"

"போறதும் வர்றதுமா? அது என்னடி சாயம்? நம்ம பட்டறையில போட்டிருந்தா உன்னை வெளிய தள்ளியிருப்பேன்."

"அதான் முன்னாடியே நானா வந்துட்டேன்!" என்றாள் கழுதை.

ஐம்பது வருஷமாக, போகாததுதான் நல்ல சாயம் என்று நம்பியவள் நான். அன்றைக்குச் சாயம் போனதற்குத் தெருவெல்லாம் ஜிலேபி கொடுத்தேன். வாங்கியவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்... பார்க்கட்டுமே!

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். சொல்லச் சொல்ல எழுதுவது பேத்தி காவியா. எங்கே, முழுசா ஒரு தடவை படிச்சுக் காட்டு கண்ணு — சாயம் போச்சுங்கற இடத்தை மட்டும் சத்தமில்லாம... வாசல்ல நூல் வாங்க ஆள் வந்து நிக்குது.