கல்யாணத்துக்குப் போன ஒப்பாரி

பிள்ளைகளா, உங்களில் பெரியவள் படிப்புக்காக ஊர் ஊராகப் போய் ஆட்கள் பேசுவதைப் பதிவு செய்யப் போகிறாளாம். அதனால்தான் உங்கள் அத்தை, அதாவது என் அக்காவின் கதையை எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பிருந்தால் திருத்துங்கள், என் கோபத்தைத் திருத்த வேண்டாம்.

நன்னிலம் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரர் வயலில் அக்கா புருஷன், உங்கள் மாமா, வேலை பார்த்தார். மோட்டார் கொட்டகையில் ஒயர் நைந்து கிடக்கிறது என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். கடைசியில் அதே ஒயரில்தான் உயிர் போனது. பண்ணை வீட்டிலிருந்து ஒருவரும் எழவுக்கு வரவில்லை. ஒரு மாலைகூட வரவில்லை.

சில வருஷம் கழித்து, ஊர் மக்கள் கதைகளைப் படமாக எடுக்கிறோம் என்று ஒரு குழு வந்தது. குழுத் தலைவர் சின்ன வயசு, தன்மையாகப் பேசுவார். செலவு பண்ணைக்காரருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை. மாமாவுக்குப் பாடிய ஒப்பாரியைப் பாடுங்கள் என்று அக்காவைக் கேட்டார்.

குடும்பம் வாழ்கிற வீட்டுக்குள் ஒப்பாரி வாயில் வரக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். அக்கா அவர்களை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனாள். பாடுமுன் மைக்கைப் பார்த்துச் சொன்னாள்:

"தம்பி, இத நல்ல காரியம் நடக்கற எடத்துல போட்றாத. எங்க போட்டாலும் என்னய ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடு."

"கண்டிப்பாம்மா."

மாமா பறித்த நாற்றையும் அவர் அறுக்காமல் போன கதிரையும் சொல்லி அக்கா அழுதாள்.

அப்புறம் ஒரு நாள் தலைவர் எனக்குப் போன் செய்தார். "அண்ணே, பண்ணை ஐயாவுக்குத் திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம். மண்டபத்துல நம்ம படம் போடறோம். அம்மாவக் கூட்டிட்டு வாங்க, சால்வை போடறோம்."

படத்தில் ஒரு துண்டை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். பாட்டில் நாற்று வருகிறது, பின்னால் வயல் தெரிகிறது. அழுகையை வெட்டி, புல்லாங்குழலைச் சேர்த்து, நடவுப் பாட்டு என்று பெயர் போட்டிருந்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. கேட்டுவிடுகிறேன் என்று போனை எடுத்தேன். அக்கா பிடுங்கிக்கொண்டாள்.

"பேசாம இருடா. அன்னிக்கு நம்ம வீட்டு எழவுக்கு அவங்க வரல. இப்ப நம்ம எழவு அவங்க வீட்டுக்குப் போவட்டும்."

போனோம். பின்வரிசையில் உட்கார்ந்தோம். மாலையும் கழுத்துமாகப் பண்ணைக்காரரும் அவர் மனைவியும் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா குரல் வந்தது. எத்தனை புல்லாங்குழல் ஊதினாலும் அந்த இழுவை நம் பெண்களுக்குத் தெரியாதா? முன்வரிசையில் ஒரு கிழவி எழுந்தாள்.

"யாருடா அவன், தாலி கட்டுன எடத்துல எழவுப் பாட்டப் போட்டவன்? நிறுத்துடா."

பண்ணைக்காரர் மனைவி தாலியைக் கையால் பொத்திக்கொண்டாள். அவர் முகம் சாம்பலாகப் போனது. நான் ஆசை தீரப் பார்த்தேன். இன்று நினைத்தாலும் இனிக்கிறது.

தலைவர் எங்களிடம் ஓடிவந்தார். "ஏம்மா, முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"முன்னாடியே சொன்னேன் தம்பி. ஒன் மிஷின்லதான் இருக்கு, போட்டுப் பாரு."

செருப்பு கிடக்கும் வாசலில் உட்கார வைத்துக் கேட்க வைத்தாள். லேப்டாப்பில் அவள் சொன்னதும், 'கண்டிப்பாம்மா' என்ற அவர் குரலும் தெளிவாக வந்தன.

"என் புருஷனுக்கு அழுதது இது. எந்தம்பி போன்ல ஏத்திட்டு, ஒங்கிட்ட இருக்கறத எல்லாம் அழி."

எங்கள் கண்முன்னே அழித்தார். பந்தியில் கை நனைக்காமல் பஸ் ஏறினோம்.

அது இப்போது என் போனில் இருக்கிறது. கேட்க ஆசையிருந்தால் என்னைக் கேட்காதீர்கள், அத்தையைக் கேளுங்கள். அவள் சரி என்றால், வாய்க்கால் கரைக்கு எடுத்துப்போய்க் கேளுங்கள்.