சாலிஹாவின் சலாம்

உள்ளறையில் தகரப் பெட்டியின் தாழ் விடுபடும் சத்தம் கேட்டது. அப்துல் ஹமீதின் கையிலிருந்த டீ கிளாஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. அந்தப் பெட்டியில் இரண்டே பொருள்கள்தான் இருந்தன. ஒன்று, இறந்துபோன மகளின் பச்சைப் பாவாடை. மற்றொன்று, எட்டு வருஷத்துக்கு முன் எகிப்தின் இஸ்கந்தரியாவில் எடுத்த போட்டோ. மனைவி சாலிஹா எதை எடுக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அந்தப் போட்டோவில் அவர் பக்கத்தில் நிற்கும் ஆள்தான் இப்போது எதிரே உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அவர் தங்கச்சிமடத்துப் பால்சாமி. ஹமீது சமையல்காரராக இருந்த அதே கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்ப்பவர். லீவில் ஊருக்கு வந்தவர், எட்டு வருஷத்தில் முதல் தடவையாக நண்பனைத் தேடிப் பாம்பனுக்கு வந்திருந்தார்.

"ஏலே ஹமீது, கப்பல விட்டுட்டு இங்கன டீக்கடை போட்டுட்டியாம்ல? உன் டீயக் குடிச்சுப் பாம்பன்ல எத்தன பேரு படுத்துட்டான்?"

ஹமீதுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளறை வாசல் திரை அசைந்தது. திரைக்குப் பின்னாலிருந்து சாலிஹாவின் கை மட்டும் போட்டோவை நீட்டியது.

"அட, நம்ம கோட்டை! பாருலே, எனக்கு அப்ப எம்புட்டு முடி!"

ஹமீது அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எத்தனை தடவை அந்த நாளை மனதுக்குள் திருப்பி ஓட்டிப் பார்த்திருப்பார்!

அது ஐம்பத்து மூன்றாம் வருஷம். ஹமீது கப்பலுக்குப் புறப்பட்ட அன்று, காய்ச்சலில் துவண்டு கிடந்த ஐந்து வயது மகள் ஹமீதா பானுவை மடியில் வைத்துக்கொண்டு சாலிஹா கேட்டாள். "இஸ்கந்தரியாவுல பெரிய அவுலியா அடங்கியிருக்காகளாம். அங்கன போனா என் சலாத்தச் சொல்லுங்க. பிள்ளைக்காகத் துஆ கேளுங்க." அவர் தலையசைத்தார். ஒருவருடைய சலாத்தை வாங்கிக்கொண்டு போவது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள் மாதிரி. சேர்ப்பிக்காமல் திரும்பக் கூடாது. அந்தக் கரையில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது.

இஸ்கந்தரியாவில் ஒரு பகல் லீவு கிடைத்தது. முதலில் அந்த அவுலியாவின் தர்காவுக்குத்தான் என்று நினைத்தபடியே இறங்கினார். "தர்கா எங்கயும் ஓடிறாது, முதல்ல தூணப் பாப்போம்" என்றார் பால்சாமி. வானத்தை முட்டும் சிவப்புக் கல்தூணைப் பார்த்தார்கள். பிறகு சுருண்டு சுருண்டு இறங்கும் படிகளில் போய், பூமிக்கடியில் இருந்த பழங்காலக் கல்லறைகளைப் பார்த்தார்கள். அதன் பிறகு கடலோரக் கோட்டை. அடுப்புப் புகையைத் தவிர வேறெதையும் கண்டிராத மனிதருக்கு வாழ்க்கையில் முதல் விடுமுறை அது. படிகளைக்கூட ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். கோட்டைச் சுவரோரம் போட்டோ பிடித்து, அது காய்வதற்காகக் காத்து நின்றபோது, தூரத்தில் தர்கா மினாராவிலிருந்து அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு கேட்டது. அந்த நேரத்துக்கு அவர்கள் கப்பலில் இருந்திருக்க வேண்டும். ஓடினார்கள். நின்ற இடத்திலிருந்தே அந்த மினாராவைப் பார்த்து ஒரு சலாம் சொல்லியிருக்கலாமே! பாவி மனதுக்கு அதுவும் தோன்றவில்லை.

வீட்டு வாசலில் கால் வைத்ததும் சாலிஹா கேட்டாள். "சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவர் திரும்பி வந்த நாற்பதாம் நாள் பிள்ளை போய்விட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சாலிஹா ஒரே பதில்தான் சொன்னாள். "சலாம் போய்ச் சேந்துருச்சு. இதுக்கு மேல அல்லாவோட நாட்டம்." அவளுக்கு மிஞ்சிய ஒரே ஆறுதல் அதுதான் என்று ஹமீது நம்பினார். அந்த ஆறுதலைத் தன் வாயாலேயே எப்படிப் பறிப்பார்? மீண்டும் கப்பலேறவும் அவருக்கு மனம் வரவில்லை.

"அண்ணே," திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்தத் தர்கா எப்பிடிண்ணே இருந்துச்சு? இவுக ஒண்ணும் சொல்ல மாட்டேங்காக."

"தர்காவா?" என்று ஆரம்பித்த பால்சாமி, ஹமீதின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தார்.

"ஆமா தங்கச்சி... பெரிய தர்கா. நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன்ல, வெளிய செருப்புக்குக் காவலா நின்னேன். உள்ள போனவன் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தான். அழுது கண்ணெல்லாம் செவந்து போச்சு."

ஹமீதின் தலை குனிந்தது. தன் பொய்யை இன்னொருவரும் சுமக்க வேண்டி வந்துவிட்டதே! திரை அசையவில்லை.

பால்சாமி போட்டோவைத் திரைக்குள் நீட்டிவிட்டு எழுந்தார். "போய்ட்டு வாரேன். அடுத்த மாசம் கப்பலு. திரும்பவும் அந்தப் பக்கந்தான்."

"அண்ணே, இந்தத் தடவ செருப்ப வேற யாரையாச்சும் பாத்துக்கச் சொல்லிட்டு, நீங்களே உள்ள போங்க. சாலிஹா சலாம் சொன்னான்னு சொல்லுங்க."

"சரி தங்கச்சி."

"பிள்ளைக்காக இனிமே கேக்க என்ன இருக்கு? இவுகளுக்காகக் கேளுங்க. பூமிக்குள்ள எறங்குன படிக்கட்டு எத்தனன்னு எண்ணிச் சொன்ன மனுசன், தர்காவுக்கு வாசல் எந்தப் பக்கம்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல. எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. அவுகளாச் சொல்லட்டும்னு எட்டு வருசம் இருந்தேன்."

பால்சாமி செருப்பை மாட்டிக்கொண்டார். ஹமீதின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுத் தெருவில் இறங்கி, மணலில் கால் புதைய நடந்தார். உள்ளே பெட்டியின் தாழ் விழுந்தது. ஹமீது தெருக்கதவைச் சாத்தினார். சாத்திய கதவிலிருந்து கையை எடுக்கவும், உள்ளே திரும்பவும் தைரியமில்லாமல் அங்கேயே நின்றார்.