ஆளில்லாத விலை

சாவிக்கொத்தை எடுத்து, அதில் பெரிய சாவியின் முனையால் கதவு நிலையை இரண்டு மூன்று இடங்களில் குத்திப் பார்ப்பார் ஷஃபியுல்லா. செல்லரித்த மரமென்றால் சாவி உள்ளே போய்விடும். அப்புறம் சுவரோரமாக நடப்பார். காரை பொரிந்த இடத்தை விரலால் தேய்த்து, அந்த விரலை நாக்கில் வைப்பார். "உப்பு பூத்துக்கினு கீது" என்று துப்புவார். வீட்டுக்காரர் முகம் சுருங்கும். அதை அவர் கவனிக்க மாட்டார். அதற்குள் கூரை ஓடுகளைப் பார்க்க அண்ணாந்திருப்பார்.

செங்கல்பட்டில் கடை, கிடங்கு என்று குடும்பச் சொத்தை விற்க நினைப்பவர்கள் முதலில் அவரிடம்தான் வருவார்கள். முனிசிபாலிட்டியில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். தரகு கிடையாது, விற்றாலும் விற்காவிட்டாலும் ஒரே கூலி. ஒருவரையொருவர் நம்பாத அண்ணன் தம்பிகள்கூட அவர் சொன்ன விலையை நம்புவார்கள். அந்த நம்பிக்கையில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பார்க்கப் போன இடத்தில் தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டார். "டீ குடிச்சா வெல ஏறிடும்" என்பார், சிரிக்காமல்.

விலை சொன்னால் இரண்டாகத்தான் சொல்வார். "ஆளோட ஒண்ணு, ஆளில்லாம ஒண்ணு." வாடகைச் சட்டம் வந்ததிலிருந்து இதுதான் வழக்கம். ஒழுங்காக வாடகை கட்டுகிறவர்களைச் சுலபத்தில் எழுப்ப முடியாது. அவர்களோடு சேர்த்துக் கட்டடத்தை வாங்க ஆள் வருவது அபூர்வம். ஆகவே முதல் விலை இரண்டாவதில் பாதிகூடத் தேறாது.

போன வருஷம் ஆவணியில் தர்மராஜ் அவரை அழைத்துப் போனார். ஸ்டேஷன் ரோட்டில் அவருடைய அப்பா விட்டுப்போன கடைக் கட்டடம். அவருக்கும் இரண்டு தங்கைகளுக்கும் பொது. அதில் ரெபேக்காள் வாடகைக்கு ரொட்டிக் கடை வைத்திருந்தாள். பின்கட்டில் அடுப்பு. அடுப்பை ஒட்டிய சுவரோரம் கயிற்றுக் கட்டிலில் அவள் புருஷன் மோசஸ். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர். அந்தச் சூட்டில்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

ரெபேக்காளுக்கே விற்றுவிடுவதாகக் கிட்டத்தட்ட பேசி முடித்திருந்தார்கள். அவள் நகையை விற்று, சீட்டை எடுத்து, மீதிக்குக் கடன் கேட்டும் வைத்திருந்தாள். நியாயமான விலை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஷஃபியுல்லா சுற்றிப் பார்த்தார். பின்கட்டு உத்தரத்தில் ஒரு முனை உளுத்திருந்தது. மற்றபடி, இத்தனை வருஷ அடுப்பு அந்தச் சுவரில் ஈரமே ஏறாமல் காத்திருந்தது. ரெபேக்காள் தட்டில் இரண்டு பொறை ரொட்டி கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

வாசலில் வந்து நின்று, ரெபேக்காள் கொடுக்கக்கூடிய விலையைத்தான் முதலில் சொன்னார். தர்மராஜ் தலையசைத்தார். அத்தோடு விட்டிருக்கலாம்.

"ஆளில்லாம இருந்தா இதப்போல ரெண்டு மடங்குக்கு மேல போவும்" என்றார் ஷஃபியுல்லா. பின்கட்டு உத்தரத்தையும் சொன்னார். கேட்கப்படாததையும் சொல்லிவிடுவதுதான் நாணயம் என்பது அவர் எண்ணம்.

அன்றைக்கே தங்கைகளின் காதுக்கு இரண்டாவது விலை போய்விட்டது. அதற்குப் பிறகு முதல் விலையை அந்தக் குடும்பத்தில் யாரும் பேசவில்லை.

ஐப்பசி பிறக்கும் சமயம் ஆட்கள் வந்து பின்கட்டு ஓடுகளை இறக்கினார்கள். ரிப்பேர் என்றார்கள். உத்தரம் உளுத்துவிட்டது, பாயே பார்த்துச் சொன்னார் என்று தர்மராஜ் தெருவுக்கே கேட்கச் சொன்னார். இறக்கிய ஓடு திரும்ப ஏறவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அடுப்பு ஊறி, மறுபடி மூட்டியபோது குறுக்கே பிளந்தது. மோசஸின் கட்டிலைக் கடைப் பக்கம் இழுத்துப் போட்டார்கள். அங்கே சாரல். முதலில் சளி, பிறகு ஜுரம். மழை விடுவதற்குள் ஆள் போய்விட்டார்.

ஷஃபியுல்லா சவ ஊர்வலத்தின் கடைசியில் நடந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலோடு நின்றுகொண்டார்.

ரெபேக்காள் கடையைக் காலி செய்துவிட்டுப் போனாள். கட்டடம் தை மாதம் விலைபோயிற்று, அவர் சொன்ன இரண்டாவது விலைக்கே. கணக்காகச் சொன்னார் பாய் என்று ஊரில் அவர் பேர் இன்னும் ஏறியது. வீட்டில் அவர் மனைவி அக்தர் பேகம் மட்டும் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "அவங்க கேக்காதத நீங்க எதுக்குச் சொன்னீங்க?" அவர் பாதிச் சோற்றில் கை கழுவினார்.

பங்குனியில் மாமல்லபுரத்தில் ஒரு கிடங்கைப் பார்க்கப் போனார். முடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தபோது, சவுக்குத் தோப்போரம் ஒரு கீற்றுக் கொட்டகையில் ரெபேக்காள் உட்கார்ந்திருந்தாள். புதிதாக மண் குழைத்துப் போட்ட சின்ன அடுப்பு. பூச்சு இன்னும் காயவில்லை. தட்டில் நாலைந்து பன். காணாதது போலப் போய்விடலாம். கால் போகவில்லை.

தன்மேல் கோபமா என்று கேட்டார். கேட்டபிறகு, அது எவ்வளவு சிறிய கேள்வி என்று அவருக்கே பட்டது.

ரெபேக்காள் அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். "நீ பொய் சொல்லியிருந்தா உன்னத் திட்டியாவது தீத்துக்குவேன் பாய். நீ நெசத்தத்தான சொன்ன. நான் இன்னா பண்றது, சொல்லு."

நியாயம் பேசலாம், சட்டம் பேசலாம், தர்மராஜைக் குறை சொல்லலாம். அவரும் அடுப்பைப் பார்த்தார்.

கடல் காற்றில் விறகு பிடிக்காமல் புகைந்துகொண்டிருந்தது. அவள் முறத்தால் விசிறினாள். இருமல் வந்து நிறுத்தினாள். ஷஃபியுல்லா குடையைக் கீழே வைத்தார். வெளுத்த சட்டையோடு அந்த ஈர மண்ணில் முழங்காலிட்டு, அடுப்பு வாய்க்குள் குனிந்து ஊதினார். புகை முகத்தில் அடித்தது. கண்ணில் நீர் வழிந்தது. அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நகரவும் இல்லை. ரோட்டில் செங்கல்பட்டு பஸ் வந்து நின்று ஆரன் அடித்தது, கிளம்பியும் போயிற்று. அவர் ஊதிக்கொண்டிருந்தார்.